அமெரிக்காவின் ஜார்ஜியா சதுப்பு ஓடையில் கயாக் (சிறு துடுப்புப் படகு) தரை தட்டுவது

தீவுக்குப் பின்னால் உள்ள ஓடையின் நடுவில் உங்கள் கயாக் தரை தட்டியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஓதத்தின் (கடல்நீர் ஏறி இறங்குவதன்) ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஓடையின் நடுப்பகுதியை அடைந்துவிடுங்கள். நீங்கள் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து அங்கே போனதுதான் சிக்கல்.

தீவுக்குப் பின்னால் ஓடும் இத்தகைய ஓடைக்கு இரண்டு வாய்கள். இருபுறமும் நுழையும் ஓதம் நடுவில் சந்தித்து வேகம் இழக்கிறது. சேறும் பெரும்பாலும் அங்கேதான் படிகிறது. ஜார்ஜியாக் கரையில் நீர்மட்டம் 2 மீட்டர் அளவுக்கு, சில நாட்களில் அதற்கும் மேலே, ஏறி இறங்கும். நீர் இறங்கும்போது நடுவில் உள்ள சேற்று மேடு தலைகாட்ட நேரமாகாது.

நீங்கள் பார்த்த ஓத அட்டவணை எந்த இடத்து ஓத அளவு நிலையத்துடையது? கடல் வாயின் நேரமும் உள் ஓடையின் நேரமும் ஒன்றல்ல.

மேற்குக் காற்று பலமாக வீசினால் அட்டவணை சொல்வதைவிட நீர் குறையலாம். மாட்டிக்கொண்டால் இறங்கி இழுக்காதீர்கள்: சேறு காலை விடாது, சிப்பி ஓடு கிழித்துவிடும். அடுத்த ஏற்றம் வரை படகிலேயே இருங்கள். கொசு கடிக்கத்தான் செய்யும்.