“5,000 போடு, ஒரு மாசம் தொந்தரவு இருக்காது” என்கிறார் ஏஜென்ட். போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறேன் சார். வயது 38. ஒன்றரை ஏக்கர் தேயிலை, பட்டா அப்பா பெயரில். சீசனில் டூரிஸ்ட் வேன் ஓட்டுவேன். அம்மாவின் ஆபரேஷனுக்குக் கோவையில் கிரெடிட் கார்டைத் தேய்த்த வகையில் 86,000 ரூபாய். இலைக்கு விலை இல்லாமல் போனதில் ஏழு மாதமாக ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. இப்போது 1,24,000 என்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் வருகிறது. நான் எடுக்காவிட்டால் இலை போடும் ஃபேக்டரியின் கணக்கருக்கும் மளிகைக் கடை அண்ணனுக்கும் அடித்து “ஏமாத்துக்காரன்” என்கிறார்கள். போலீசோடு வருவோம், தோட்டத்தை ஜப்தி செய்வோம் என்கிறார்கள். நேற்று ஒருவர், “என் ஜிபே நம்பருக்கு 5,000 போடு, ஒரு மாசம் யாரும் கூப்பிட மாட்டாங்க” என்றார். போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். வசூல் ஏஜென்டின் சொந்த நம்பருக்குப் போகும் பணம் உங்கள் கார்டுக் கணக்கில் வரவு ஆகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கார்டுக் கணக்கிலேயே கட்டினாலும் அந்த 5,000 எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். மாத வட்டி 3.75 சதவீதம் என்று வைத்தால் 86,000-க்கு 3,225 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 580. தாமதக் கட்டணம் 1,200, அதற்கும் ஜிஎஸ்டி 216. மாதம் 5,200-க்கு மேல் ஏறுகிறது. ஏழு மாதத்துக்கு 36,500. உங்கள் 1,24,000 வந்த வழி ஏறக்குறைய இதுதான். ஒரு மாதம் ஏறுவதைக்கூட 5,000 அடைக்காது.

“வட்டிக்கு உச்சவரம்பு கிடையாதா” என்று பலர் கேட்கிறார்கள். கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆனால் ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பாருங்கள். கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதி. அப்படிப் போட்டிருந்தால் அதைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இனி மிரட்டல். கார்டு கடன் கட்டாதது சிவில் விவகாரம். கடனைக் கட்ட முடியவில்லை என்பதற்காகப் போலீஸ் வந்து உங்களைப் பிடித்துப் போகாது. கார்டு கடனுக்கு நீங்கள் எதையும் அடமானம் வைக்கவில்லை. ஜப்தி என்றால் வங்கி முதலில் வழக்குப் போட்டு, உங்கள் தரப்பையும் கேட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, அதன்பிறகு தனியாக மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அதுவும் உங்கள் பெயரில் இருக்கும் சொத்தில்தான். அப்பா பெயரில் உள்ள நிலம், அவர் இதற்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, இந்தக் கணக்கில் வராது. விவசாயி குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. இந்த விவரமெல்லாம் போனில் கத்துபவருக்கும் ஓரளவு தெரியும். தோட்டத்தை எடுக்க முடியாது என்று தெரிந்துதான் மளிகைக் கடைக்குப் போன் போடுகிறார். ஹட்டியில் நாலு பேர் காதில் விழுந்தால் நீங்கள் எப்படியாவது புரட்டிக் கொடுத்துவிடுவீர்கள் என்பது அவர் கணக்கு.

அந்த வேலைக்குத்தான் தடை இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது, பொதுவில் அவமானப்படுத்தக் கூடாது, பொய் சொல்லி மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. ஏஜென்ட் செய்யும் தவறுக்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே ஏஜென்டோடு சண்டை போட்டுத் தொண்டையை வறட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு தடவை மட்டும் எடுத்துப் பெயர், ஏஜென்சி பெயர் கேளுங்கள், “இனி எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்” என்று சொல்லி வையுங்கள். அழைப்பைப் பதிவு செய்யுங்கள். ஃபேக்டரிக் கணக்கரிடமும் கடைக்காரரிடமும் நீங்களே போய் விஷயத்தைச் சொல்லி, அவர்களுக்கு வந்த அழைப்பின் நேரம், எண் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாங்குங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்களே சொல்லிவிட்ட பிறகு ஏஜென்ட் அவர்களிடம் சொல்வதற்குப் புதிதாக என்ன இருக்கிறது?

இவற்றை இணைத்து வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்டிலும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம், போகலாம். செலவு இல்லை, வக்கீல் தேவையில்லை, இணையதளத்திலேயே பதியலாம். விவரம் கேட்க 14448.

அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுத வேண்டும்: நீங்கள் எவ்வளவு கட்ட முடியும் என்பது. புகார் மட்டும் எழுதினால் போன் நிற்கலாம், வட்டி நிற்காது. இரண்டு வழி உண்டு. மீதித் தொகையை மாதத் தவணையாக மாற்றி வட்டியைக் குறைக்கச் சொல்வது ஒன்று. மொத்தமாக ஒரு தொகை கட்டி முடிப்பது, அதாவது செட்டில்மென்ட், இன்னொன்று. ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. ஆனால் ஏழு மாதம் ஆன கணக்கு அவர்கள் புத்தகத்தில் ஏற்கெனவே வாராக்கடன். பேச்சுக்கு இறங்கி வருவார்கள். 60,000-லிருந்து ஆரம்பியுங்கள், அசலான 86,000-ஐத் தாண்டாதீர்கள். செட்டில்மென்டில் ஒரு குறை உண்டு. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், அது பல வருடம் நிற்கும். இரண்டு, மூன்று வருடத்தில் புது வேனுக்கு லோன் போடும் எண்ணம் இருந்தால் தவணை வழிதான் உங்களுக்கு நல்லது.

பணத்துக்கு எங்கே போவது? வீட்டில் சும்மா இருக்கும் நகை இருந்தால், வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வைத்து, ஆண்டுக்கு 10, 12 சதவீத வட்டியில் எடுத்து 45 சதவீதக் கடனை ஒரேயடியாக முடிப்பது புத்திசாலித்தனம். கந்துவட்டிக்கும் லோன் ஆப்புக்கும் போவது அப்படியல்ல. இப்போது போன் செய்பவர்கள் அப்புறம் உங்களுக்கு மரியாதைக்காரர்களாகத் தெரிவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இலைப் பணம் எந்த வங்கிக் கணக்கில் விழுகிறது? கார்டு கொடுத்த வங்கியிலேயே என்றால், பாக்கிக்காக அதில் கைவைக்கும் உரிமையைக் கார்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதிவைத்திருப்பார்கள். இந்த வாரமே வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி, ஃபேக்டரியில் எண்ணை மாற்றிக் கொடுங்கள்.

“மூணு வருஷம் தள்ளிட்டா வழக்குப் போட முடியாது” என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். 1963 காலவரையறைச் சட்டம் அப்படிச் சொல்வது உண்மைதான். அந்தக் கெடுவுக்குள் நீங்கள் சிறு தொகை கட்டினாலோ கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். இதற்குப் பயந்து கடிதம் எழுதாமல் இருக்காதீர்கள். உங்கள் கெடுவில் இன்னும் இரண்டே கால் வருடத்துக்கு மேல் பாக்கி; அதுவரை இதே போன்களோடு காலம் தள்ள முடியுமா?

லோக் அதாலத் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தால் அது உண்மையா என்று ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அடியுங்கள். உண்மை என்றால் போவது நல்லது, தொகை பேச அது நல்ல இடம். ஆனால் அங்கே போடும் கையெழுத்து நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் போடுங்கள்.

தொகை முடிவானதும், வங்கியின் பெயரில் ‘இவ்வளவு கட்டினால் கணக்கு முடிந்தது’ என்ற கடிதம் கையில் வந்த பிறகே பணம். அதுவும் கார்டுக் கணக்கில் மட்டும். பிறகு பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு முறை இலவசம். கணக்கு இன்னும் திறந்தே காட்டினால் அந்தக் கடிதத்தை வைத்தே திருத்தச் சொல்லலாம்.