5,000 கோடி கிருமி, 2,400 ரூபாய்: வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு முன் டைபாய்டு என்று சொல்லிப் பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பிக்கொள்கிறது, காலையில் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கிறது. மெடிக்கலில் ஒரு கேப்ஸ்யூல் கொடுத்தார்கள், கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்கா ஒரு கம்பெனியின் ப்ரோபயாடிக் டப்பா தருகிறார். 15 வகை, 5,000 கோடி நல்ல கிருமி, மாதத்துக்கு 2,400 ரூபாய். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகும் என் மாமியாருக்கும் கொடுத்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இறங்கும் என்கிறார். ஒரு டப்பாவை வாங்கிவைத்தேன், இன்னும் திறக்கவில்லை. எதைச் சாப்பிடுவது?

பதில்: கடைசி விஷயத்துக்கு முதலில் வருகிறேன். மாமியாருக்கு அது வேண்டாம். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு அந்த டப்பா அவர் படுக்கும் அறையில் இருந்தால் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் மீதியைப் படிக்கலாம்.

சரி, உங்கள் வயிறு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த டப்பாவையும் தொடாதீர்கள். நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நில்லுங்கள். காசிமேட்டிலிருந்து வந்த ஒருவர் மூன்று மாதம் மலத்தில் ரத்தத்தோடு இதே மாதிரி ஒரு டப்பாவை விழுங்கிக்கொண்டிருந்தார். விற்றவர் அவரிடம் "கழிவு வெளியேறுது, நல்லதுதான்" என்று சொல்லியிருக்கிறார். பெருங்குடல் முழுக்கப் புண்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நீங்கள் எழுதியிருப்பது நான் அடிக்கடி கேட்கும் கதை. குடலில் ஒரு தொற்று வந்துபோனபின் பத்தில் ஒருவருக்காவது இந்த உப்புசமும் அவசரமும் மாதக்கணக்கில் தங்கிவிடுகின்றன. கிருமி போய்விட்டாலும் குடலின் பதற்றம் அடங்கியிருக்காது. பலருக்கும் மெல்ல மெல்லத் தானாகவே சரியாகும். அது டைபாய்டுதானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. தெருவுக்கு ஒரு லேப் இருக்கிறது, காய்ச்சல் என்று போனால் விடால் டெஸ்ட், லேசாகப் பாசிட்டிவ் என்றால் ஆன்டிபயாடிக். ஒரே ஒரு விடாலை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்ட முடியாது, ரத்தத்தைக் கல்ச்சர் போட்டு, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த முடிவு வர நாலைந்து நாள் ஆகும், யார் பொறுக்கிறார்கள்? அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடுகிறேன்.

இப்போது டப்பாவுக்கு வருவோம். தண்டையார்பேட்டை என்று மட்டும் எழுதிய கடிதம் உங்கள் வீட்டுக்கு வருமா? தெருப் பெயர் வேண்டும், கதவு எண் வேண்டும். ப்ரோபயாடிக்கும் அப்படித்தான். லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்று ஒரு கிருமியின் முழுப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். லாக்டோபேசில்லஸ் என்பது ஏரியா. ராம்னோசஸ் என்பது தெரு. ஜிஜி என்பது கதவு எண். ஆராய்ச்சி எல்லாம் அந்தக் கதவு எண்ணில் இருப்பவரிடம்தான் நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதே வேலையைச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. கதவு எண் இல்லாத டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள். உங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பதினைந்து பெயர் இருக்கும், ஒன்றுக்காவது கதவு எண் இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

மெடிக்கலில் கொடுத்ததன் அட்டையையும் பாருங்கள். "லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்" என்று போட்டிருந்தால், அப்படி ஒரு லாக்டோபேசில்லஸே கிடையாது. பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்ற வேறொன்றுக்கு எந்தக் காலத்திலோ தப்பாக வைத்த பெயர் அது. தப்பு என்று தெரிந்து பல வருடம் ஆகியும் அட்டையில் அடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே எல்.பி. என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து விற்பது இதைவிட வேடிக்கை. கிருமியைக் கொல்ல ஒரு மருந்து, கூடவே அதே மாத்திரைக்குள் ஒரு கிருமி. எழுதிக் கொடுப்பது என்னைப் போன்ற டாக்டர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். "ஒரு ப்ரோபயாடிக்" என்று கிறுக்குவார்கள், எது என்று எழுதமாட்டார்கள். கடைக்காரர் தனக்கு எதில் மார்ஜின் அதிகமோ அதை எடுத்துக் கொடுப்பார்.

அடுத்தது கோடிக்கணக்கு. 5,000 கோடி என்றதும் நமக்குப் பெரிதாகத்தான் தெரியும். இந்த மாதிரிக் குடல் தொந்தரவு உள்ள பெண்களிடம் 35624 என்ற கதவு எண் கொண்ட பிஃபிடோபாக்டீரியம் என்ற கிருமியை மூன்று அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு 10 லட்சம், ஒரு குழுவுக்கு 10 கோடி, ஒரு குழுவுக்கு 1,000 கோடி. பலன் கிடைத்தது நடு அளவுக்குத்தான். 1,000 கோடியை அடைத்த கேப்ஸ்யூல் உள்ளேயே கெட்டிப்பட்டு, சரியாகக் கரையவில்லை. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிரோடு இருந்தால் போதும் என்கிறது. உயிரோடு என்பதைக் கவனியுங்கள். டப்பாவில் அச்சடித்த எண்ணிக்கை பேக்டரியிலிருந்து கிளம்பிய நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்று பாருங்கள். கத்திரி வெயிலில் டெலிவரி வண்டியில் இரண்டு நாள் சுற்றி வந்த டப்பாவில் எத்தனை பிழைத்திருக்கும் என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? 2 முதல் 8 டிகிரி என்று எழுதியிருப்பதைக் கடைக்காரர் சாதாரண ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பதினைந்து வகையும் அப்படித்தான். 2018-ல் இஸ்ரேலில், ஆன்டிபயாடிக் முடித்தவர்களுக்குப் பதினொரு வகை கலந்த ப்ரோபயாடிக்கைக் கொடுத்துக் குடலுக்குள்ளேயே பார்த்தார்கள். சும்மா விட்டவர்களுக்குச் சொந்தக் கிருமிகள் சீக்கிரம் திரும்பி வந்தன. ப்ரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குத் தாமதமானது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஆன்டிபயாடிக் முடித்துவிட்டு வந்திருக்கும் உங்களிடம் அந்தக் கலவை டப்பாவை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு பொறி "ப்ரீ" என்ற இரண்டு எழுத்து. ப்ரீ அண்ட் ப்ரோபயாடிக் என்று விற்பதில் பெரும்பாலும் ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு என்ற நார்ச்சத்து இருக்கும். அது கிருமிகளுக்குத் தீனி. அதைத் தின்று அவை காற்றைக் கிளப்பும். உப்புசம் என்று வந்தவருக்கு உப்புசத்தையே காசுக்கு விற்கிறார்கள். மெடிக்கல் கேப்ஸ்யூல் உங்களுக்குக் கேட்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், அட்டையில் தேடுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் பாலை நிறுத்துங்கள். தொற்றுக்குப் பிறகு கொஞ்ச காலம் குடலுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்க முடியாமல் போகும். ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று வாரம் கறுப்பு டீ. தயிர் தாராளமாகச் சாப்பிடலாம், உறைந்த பாலில் அந்தச் சர்க்கரை குறைந்திருக்கும். பச்சை வெங்காயம், பூண்டு, ராஜ்மா, சுண்டல் இவற்றையும் அந்த மூன்று வாரம் ஒதுக்கிவைத்துப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள், ப்ரோபயாடிக் வரைக்கும் போவதில்லை.

அதற்கும் அடங்காவிட்டால் ஒன்றே ஒன்று. ஒரே வகை, கதவு எண்ணோடு, ப்ரீ சேராதது. நான்கு வாரம் சாப்பிடுங்கள், தெளிவாகக் குறைந்தால் தொடரலாம், இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நான்கு வாரத்தில் தெரியாததற்கு ஆறு மாத கோர்ஸ் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கம்பெனிப் பெயரை எழுதமாட்டேன். இன்று எழுதினால் நாளை கடையில் "அது இல்லை, இது சேம்" என்பார்கள். அது சேம் இல்லை.

பழைய சோறு போதாதா என்று அடுத்த கடிதம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமிலக் கிருமிகள் உயிரோடு இருக்கின்றன. நம் ஸ்டான்லியிலேயே குடல் நோயாளிகளுக்கு அது உதவுமா என்று ஆய்வு செய்தார்கள். மருந்து என்று சொல்லமாட்டேன், காலையில் தயிரோ மோரோ விட்டுக் கரைத்துக் குடிப்பதில் தடையும் சொல்லமாட்டேன். இட்லிக்கு அந்தப் பெருமை கிடையாது. மாவு புளித்ததுதான், ஆனால் ஆவியில் எல்லாம் செத்துவிடும். ஒரே நிபந்தனை தண்ணீர். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை அடிக்கிறது என்று பெட்டிஷன் எழுதி எழுதிச் சலித்துப்போன தெருக்கள் நம் பக்கம் எத்தனை! அதைச் சரிசெய்யாமல் ஆளாளுக்கு கேப்ஸ்யூல் விற்றால் குடல் எப்படி ஆறும்?

இனி மாமியார். இதை இரண்டு முறை படியுங்கள். சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்று ஒரு ப்ரோபயாடிக் இருக்கிறது. அது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். ஆன்டிபயாடிக்கால் சாகாது. அதனால் ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் வரும் லூஸ் மோஷனைத் தடுக்க நல்ல சாட்சியங்கள் உள்ள சிலவற்றில் அதுவும் ஒன்று. உங்கள் வீட்டில் டயாலிசிஸ் இல்லையென்றால், அடுத்த முறை ஆன்டிபயாடிக் எழுதும்போதே இதையும் கேளுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்பவர் இருக்கும் வீட்டில் அது கூடாது. அவர் விழுங்க வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் நீங்கள் பொட்டலத்தைப் பிரித்தாலே அந்தத் தூள் காற்றில் எழும்பும், கையில் ஒட்டும். அந்தக் கையோடு குழாயின் மூடியையோ அதன்மேல் உள்ள பேண்டேஜையோ தொட்டால் ஈஸ்ட் நேராக ரத்தத்துக்குள் போகும். இப்படி ரத்தத்தில் தொற்று வந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2017-ல் இதைப் பரிசீலித்து, இத்தகைய குழாய் உள்ளவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும், ஐ.சி.யூ.வில் இருப்பவர்களுக்கும் கூடாது என்று அட்டையிலேயே போடச் சொன்னது. அந்தப் பதினைந்து பெயர்களில் "சாக்கரோமைசிஸ்" இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டியாவது பாருங்கள். இருந்தால் நீங்களும் அந்த வீட்டில் அதைத் திறக்கக் கூடாது.

கழுத்துக் குழாய் இல்லை, கையில் ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்டுத்தான் செய்கிறார்கள் என்றால் இந்த ஆபத்து குறைவு. அப்போதும் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் எந்த ப்ரோபயாடிக்கும் வேண்டாம், டயாலிசிஸ் ஆட்களுக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே குறைச்சல். நான் மேலே சொன்ன தயிர், மோர், பழைய சோற்று நீராகாரம் எல்லாம் உங்களுக்கு. அவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து கொடுத்திருப்பார்கள், மோரும் அந்தக் கணக்கில்தான் வரும். தயிரில் பொட்டாசியமும் பாஸ்பரசும் உண்டு. கிரியாட்டினின் இறங்கும் என்று நம்பி ஒரு டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால், ராத்திரி மூச்சு வாங்க எமர்ஜென்சிக்கு ஓடுவது நீங்கள்தான். எதிர்வீட்டு அக்கா வரமாட்டார்.

அந்த அக்காமேல் எனக்குக் கோபம் இல்லை. அவரையும் யாரோ ஒருவர் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்று கூட்டிப்போய், கையில் ஒரு கம்பியைப் பிடிக்கவைத்து, உடம்பு முழுக்க ஸ்கேன் என்று நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருப்பார். கம்பியைப் பிடித்தால் குடல் தெரியாது. டப்பாவில் இருக்கும் பதினான்கு இலக்க உணவு உரிம எண்ணைக் காட்டி "கவர்மென்ட் அப்ரூவல்" என்பார்கள். அது தயாரிப்பவருக்கோ விற்பவருக்கோ தொழில் நடத்தக் கொடுத்த உரிமம், உள்ளே இருப்பது வயிற்றைக் குணப்படுத்தும் என்பதற்கான சான்று இல்லை. ஒரே கிருமியை ஒருவர் மருந்து என்று விற்கிறார், இன்னொருவர் உணவு என்று விற்கிறார். மருந்துக்காரரைப் பார்ப்பது ஒரு துறை, உணவுக்காரரைப் பார்ப்பது வேறொரு துறை. நடுவில் இருக்கும் சந்தில்தான் இந்த வியாபாரமெல்லாம் ஓடுகிறது.

டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேளுங்கள். பில் தந்திருக்கிறாரா? தரவில்லையென்றால் முதலில் பில்லைக் கேளுங்கள். பில் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரும்பாலும் பணம் தானே வந்துவிடும்.