கேள்வி-பதில்: மார்ஜ் சிம்ப்சனுக்கு என்ன ஆச்சு?

கேள்வி: 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் மார்ஜைச் சாகடித்துவிட்டார்களாம். இத்தனை வருடம் கூடவே வந்த ரசிகர்களுக்கு இது துரோகம் இல்லையா? 'அம்மாவையே கொன்ற பிறகு இனி எதற்குப் பார்க்க வேண்டும்' என்று பலரும் கொதிக்கிறார்கள். நல்ல பெயரோடு எப்போதோ முடித்திருக்க வேண்டிய தொடரை இழுத்தடித்தால் இப்படித்தானே ஆகும்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மார்ஜ் நலமாக இருக்கிறார். நீலக் கொண்டைக்கும் சேதமில்லை. 2025 செப்டம்பரில் தொடங்கிய 37ஆவது சீசனிலும் வழக்கம்போல் கணவர் ஹோமரோடு மல்லுக்கட்டினார்.

நடந்தது இதுதான். 36ஆவது சீசனின் கடைசி எபிசோட் 'எஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'. 2025 மே 18 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் வந்தது. அதில் கதை ஒரு கட்டத்தில் 35 வருடம் தாண்டி எதிர்காலத்துக்குப் போகிறது. அந்த எதிர்காலத்தில் மார்ஜ் உயிரோடு இல்லை. அவ்வளவுதான். கூச்சல் கிளம்பியது ஜூன் கடைசியில். 'மார்ஜ் மரணம்' என்று ஒருவர் தலைப்புப் போட, அதைப் பார்த்து இன்னொருவர் போட, ஊரே துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாக வரும் கோபத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். கோபப்பட்டவர்களில் எத்தனை பேர் எபிசோடைப் பார்த்தார்கள்? தலைப்பைப் படிக்க மூன்று விநாடி போதும். எபிசோடுக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆகும்.

பார்த்திருந்தால், அது மார்ஜின் மரணத்தைப் பற்றிய எபிசோடே இல்லை என்பது தெரிந்திருக்கும். அது மார்ஜின் பிள்ளைகள் பார்ட்டையும் லிசாவையும் பற்றியது. அண்ணன் பத்து வயது, தங்கை எட்டு வயது. எதிலும் ஒத்துப்போகாத இந்த இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சேர்ந்து சிரிக்கும் ஒரே விஷயம் 'இட்ச்சி அண்ட் ஸ்க்ராட்ச்சி', அதாவது எலி பூனையைக் கண்டதுண்டமாக வெட்டும் கார்ட்டூன். ஒருநாள் அது சின்னப்பிள்ளைகள் சமாசாரம் என்று தோன்றி, பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள வேறு எதுவுமே இல்லை. சண்டை இல்லை, சொத்துத் தகராறு இல்லை. சும்மா விலகிப் போகிறார்கள். சாரா மெக்லாக்லன் பாடும் ஒரு பாட்டுக்குள் வருடங்கள் ஓடுகின்றன. அதற்கு நடுவே மார்ஜின் இறுதிச்சடங்கு வந்து போகிறது. கல்லறையில் 'அன்பு மனைவி, தாய்' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் 'பன்றிக்கறிக்கு மசாலா போடுபவர்' என்றும் பொறித்திருக்கிறார்கள். மொத்தச் சாவும் திரையில் இருப்பது அவ்வளவு நேரம்தான்.

மார்ஜ் இல்லாத எதிர்காலத்தை ஏன் வைத்தார்கள் என்பதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எந்த வீட்டில்தான் இது நடக்கவில்லை? அம்மா இருக்கும்வரை தீபாவளிக்கு எல்லோரும் ஒரே வீட்டுக்கு வருவார்கள். அம்மா போன பிறகு 'எப்போ வர்றே' என்று கேட்க ஆள் இருக்காது. அந்த எதிர்காலத்தில் பார்ட் லைசென்ஸ் இல்லாத முதியோர் இல்லம் நடத்துகிறான். லிசா என்பிஏ கூடைப்பந்து அமைப்பின் தலைவி. இரண்டும் நல்ல ஜோக். ஆனால் அந்த ஜோக்குகளுக்கு இடம் கொடுத்ததில், பிரிந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் இடம் சுருங்கிவிட்டது. மார்ஜ் விட்டுப்போன ஒரு வீடியோவும், புதிதாக எடுத்த இட்ச்சி-ஸ்க்ராட்ச்சியும் அவசர அவசரமாக அவர்களைச் சேர்த்துவைக்கின்றன. குறை சொல்வதாக இருந்தால் நான் இதைச் சொல்வேன். இருபத்திரண்டு நிமிடத்துக்கு இந்தக் கதை பெரியது.

இன்னொரு காட்சி இருக்கிறது. கொதித்தவர்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஆச்சரியம். கடைசியில் மார்ஜ் சொர்க்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்த்துப் பூரிக்கிறார். பக்கத்தில் புதுக் கணவர், பீட்டில்ஸ் இசைக்குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார். முதல்முறை பார்ப்பவருக்கு இது எங்கிருந்தோ குதித்த கூத்து. பழைய ரசிகருக்கு அப்படி இல்லை. 1991 ஏப்ரலில் வந்த ஒரு எபிசோடில், மார்ஜ் பள்ளியில் படிக்கும்போது ரிங்கோவை ஓவியமாக வரைந்து அனுப்பியிருப்பார். ரிங்கோ தன் ரசிகர் கடிதங்கள் ஒவ்வொன்றுக்கும் வரிசைப்படி பதில் எழுதிக்கொண்டே வந்து, மார்ஜின் கடிதத்தை எட்டுவதற்குள் மார்ஜுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்துவிடும். படம் சுவரில் மாட்டியிருக்கிறது என்று எழுதுவார். இங்கிலாந்தில் ஹாம்பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைக்குமா என்று அந்தப் பெண் கேட்டிருந்ததற்கும் மறக்காமல் பதில் சொல்வார். குரல் கொடுத்தது ரிங்கோவேதான். 34 வருடம் கழித்து அந்த ஓவியத்துக்கு இப்படி ஒரு மரியாதை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஹோமரை நினைத்தால் மட்டும் கொஞ்சம் பாவமாக இருந்தது.

சரி, தயாரிப்பாளர் தரப்பு என்ன சொன்னது? மேட் செல்மன் 'வெரைட்டி' பத்திரிகையிடம் சொன்னதன் சாரம்: இந்தத் தொடருக்குக் கறாரான வரலாறு என்று எதுவும் கிடையாது, எதிர்கால எபிசோடுகள் எல்லாமே யூகம், மார்ஜ் இறந்திருப்பது அந்த ஒரே எபிசோடில் மட்டும்தான். சரியான பதில். ஆனால் கொஞ்சம் சௌகரியமான பதிலும்கூட. பாட்டுப் போட்டு, கல்லறையைக் காட்டி, கண்ணீரை வாங்கிக்கொண்டு, அப்புறம் 'அதெல்லாம் கணக்கில் வராது' என்றால் அழுதவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். உங்கள் கோபத்தில் நான் ஒப்புக்கொள்ளும் பங்கு இவ்வளவுதான்.

இதே தொடர் 1995இல் லிசாவின் கல்யாணத்தைக் காட்டியது. கதை நடப்பது 2010இல். இங்கிலாந்து மாப்பிள்ளைக்கு ஹோமர் ஆசையாக ஒரு ஜோடி பன்றி உருவ பட்டன்களைக் கொடுக்கிறார், கல்யாணத்தன்று சட்டைக் கையில் மாட்டிக்கொள்ளச் சொல்லி. மாப்பிள்ளைக்கு அது அவமானமாக இருக்கிறது. அப்பாவை இளக்காரமாகப் பார்ப்பவன் வேண்டாம் என்று லிசா கல்யாணத்தையே நிறுத்திவிடுகிறாள். நிஜமான 2010 வந்தது, போனது. லிசாவுக்கு இன்னமும் எட்டு வயது. வேறொரு எபிசோடில் அவள் அமெரிக்க ஜனாதிபதி. ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. அதற்காக அந்தப் பன்றி பட்டனை யாரும் மறந்துவிடவில்லை. அந்த எபிசோடுக்கு எம்மி விருதும் கிடைத்தது.

துரோகம் என்கிறீர்கள். அந்தப் புகாருக்கும் இந்தத் தொடரில் நீண்ட வரலாறு உண்டு. 1997 செப்டம்பரில், பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர் நிஜ ஸ்கின்னரே இல்லை, ஆள்மாறாட்டம் செய்தவர் என்று ஒரு கதை பண்ணினார்கள். ரசிகர்கள் பொங்கினார்கள். ஸ்கின்னருக்குக் குரல் கொடுக்கும் ஹாரி ஷியரரே அந்தக் கதை தப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். நியாயமான கோபம்தான், கதை உண்மையிலேயே சொதப்பல். அதன் முடிவில் ஊர்க்காரர்கள் நிஜ ஸ்கின்னரை நாற்காலியில் கட்டி ரயிலில் ஏற்றி அனுப்புவார்கள். இனி இதைப் பற்றி யாராவது பேசினால் சித்திரவதை என்று நீதிபதி உத்தரவு போடுவார். அதே வருடம் பிப்ரவரியில் வந்த இன்னொரு எபிசோடில், காமிக்ஸ் கடைக்காரர் 'இதுவரை வந்ததிலேயே இதுதான் மட்டமான எபிசோட்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, விசுவாசமான ரசிகன் என்ற முறையில் அதை எடுத்தவர்கள் எனக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பார். இத்தனை மணிநேரம் இலவசமாகக் காட்டியவர்கள் உனக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள், நீதான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்பான் பார்ட். அப்போது ஓடிக்கொண்டிருந்தது எட்டாவது சீசன். உங்கள் கேள்விக்கான பதிலை அன்றைக்கே எழுதிவைத்துவிட்டார்கள்.

இந்தத் தொடரில் நிஜமாகப் போனவர்களும் உண்டு. 2013இல் மார்ஷியா வாலஸ் இறந்தபோது, 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று நம்மூர் சீரியல் மாதிரி ஆளை மாற்றாமல், அவர் குரல் கொடுத்த டீச்சர் கிராபாப்பலையே விடைகொடுத்து அனுப்பிவிட்டார்கள். 2000இல் பக்கத்து வீட்டு மாட் ஃபிளாண்டர்ஸ் செத்துப் போனதற்குப் பின்னால் இருந்தது கதை இல்லை, குரல் நடிகைக்கும் சேனலுக்கும் சம்பளத் தகராறு. 2024 ஏப்ரலில் மோ மதுக்கடையின் மூலையில் முதல் சீசனிலிருந்து உட்கார்ந்திருந்த லாரி இறந்தான். அவன் அஸ்தியைக் கொண்டுபோகும்போதுதான் ஹோமருக்கும் நண்பர்களுக்கும் அவனைப் பற்றித் தங்களுக்கு எதுவுமே தெரியாது என்பது உறைக்கிறது. துக்கம் அனுசரித்தே ஆக வேண்டும் என்றால் லாரிக்கு அனுசரியுங்கள்.

கடைசியாக, எப்போதோ முடித்திருக்க வேண்டும் என்கிற விஷயம். நடுவில் பல சீசன்கள் எனக்கும் ஓடவில்லை, மறுக்கமாட்டேன். ஆனால் 2024 செப்டம்பரில் இதே 36ஆவது சீசனை எப்படித் தொடங்கினார்கள் தெரியுமா? தொடர் முடிகிறது என்று டிவி தொகுப்பாளர் கோனன் ஓ'பிரையனை மேடையேற்றி, ஏஐ இயந்திரம் எழுதிய 'கடைசி எபிசோட்' என்று ஒன்றைக் காட்டினார்கள். கடைசி எபிசோடுகளில் வழக்கமாக வரும் அத்தனை சமாசாரமும் ஒரே மூச்சில் வரும். பார்ட்டுக்கு மட்டும் அது பிடிக்காது. நல்ல பெயரோடு முடிக்கச் சொல்பவர்களுக்கு அதைவிட நக்கலாக நான் பதில் சொல்ல முடியாது. தவிர, 2025 ஏப்ரலில் ஃபாக்ஸ் இன்னும் நான்கு சீசனுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டது, 40ஆவது சீசன் வரை. உங்களையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

மார்ஜ் உயிரோடு இருக்கும் நல்ல எபிசோட் ஒன்று வேண்டுமானால், 2022இல் வந்த 'பிக்சலேட்டட் அண்ட் அஃப்ரெய்ட்' பாருங்கள். பனிக் காட்டில் உடுத்தத் துணிகூட இல்லாமல் மாட்டிக்கொண்ட ஹோமரும் மார்ஜும், கிட்டத்தட்ட வேறு யாருமே இல்லாத ஒரு கதை. பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டி எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.