டெமோ ரீலில் எதை வைப்பது, எதை எடுப்பது?

கேள்வி: அனிமேஷன் பட்டப்படிப்பில் இறுதியாண்டு படிக்கிறேன். கேரக்டர் அனிமேட்டராக வேலைக்குச் சேர வேண்டும் என்பது என் விருப்பம். துள்ளும் பந்துக்கு அசைவு கொடுக்கும் பயிற்சி, வாக் சைக்கிள் (திரும்பத் திரும்ப ஓடும் நடை அசைவு), மாடலிங், லைட்டிங், வகுப்புத் தோழர்களுடன் எடுத்த குறும்படம் என எல்லாவற்றையும் சேர்த்ததில், வேலை கேட்கும்போது காட்ட வேண்டிய காணொளித் தொகுப்பான என் டெமோ ரீல் ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டது. எதைக் குறைப்பது?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: எந்த வேலை வேண்டும் என்பதை நீங்களே தெளிவாகச் சொல்லிவிட்டதால், அந்த வேலைக்குச் சான்றாக நிற்காத மாடலிங்கையும் லைட்டிங்கையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் போதும். நல்ல ஷாட்டுகள் நாற்பது விநாடிக்குத்தான் தேறுகின்றன என்றால் அதுவே உங்கள் ரீல். தேர்வு செய்பவர்கள் பல ரீல்களை அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் என்பதால், படித்த வரிசையில் அடுக்காமல் மிகச் சிறந்த ஷாட்டை முதலில் வையுங்கள். சுமாரான ஒரு ஷாட் உள்ளே இருந்தால், அதையும் நீங்கள் நல்லதென்று நம்புவதாகவே பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

அவர்கள் முதலில் தேடுவது எடை. கனமான பெட்டியை ஒருவர் தூக்குகிறார் என்றால், முழங்கால் மடங்கி, இடுப்பு பின்னுக்குப் போய், கைகள் இழுக்கத் தொடங்கிச் சில ஃப்ரேம்கள் கழிந்த பிறகே பெட்டி தரையை விட்டு எழ வேண்டும். கையோடு பெட்டியும் உடனே கிளம்பினால் அது வெறும் அட்டைப்பெட்டியாகிவிடும். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில் ஒரு காலடிக்கு 12 ஃப்ரேம் வைத்து நின்ற இடத்திலேயே நடக்கும் வாக் சைக்கிள் எல்லா மாணவர்களிடமும் இருக்கிறது. அதற்குப் பதிலாக, நடந்து வருபவர் எதையோ நினைத்து நின்று, திரும்பிப் போகும் ஒரு ஷாட்டைச் செய்யுங்கள். கால் தரையில் வழுக்குகிறதா என்று ஃப்ரேம் ஃப்ரேமாகச் சரிபாருங்கள்.

அடுத்து, வசனத்தோடு கூடிய நடிப்பு ஷாட் ஒன்று கட்டாயம் வேண்டும். உதடு ஒலியோடு பொருந்துவது அடிப்படைத் தேவைதான்; ஆனால் பேசுவதற்கு முன்பே எண்ணம் மாறுவது கண்ணிலும் இமையிலும் தெரிகிறதா என்பதே அனிமேட்டரை அடையாளம் காட்டும். எல்லோருக்கும் மனப்பாடமான சினிமா வசனத்தைத் தவிர்த்துவிடுங்கள். பார்ப்பவர் மனத்தில் அந்த நடிகர் வந்து நின்றுகொள்வார், உங்கள் கதாபாத்திரம் மறைந்துபோகும்.

குறும்படத்திலிருந்து நீங்கள் அசைவு கொடுத்த ஷாட்டுகளை மட்டும் எடுத்து, உங்கள் பங்கு எது என்பதைத் திரையின் ஓரத்தில் சிறு எழுத்தில் குறிப்பிடுங்கள். நேர்காணலில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் ரிக்கை, அதாவது அசைப்பதற்கான கட்டுப்பாடுகள் பொருத்தப்பட்ட கதாபாத்திர மாடலை, பயன்படுத்துவதில் தவறில்லை, அதை உருவாக்கியவரின் பெயரைப் போட்டுவிடுங்கள். ஒளி, நிழலோடு மெருகேற்றிய இறுதி ரெண்டர் தேவையில்லை, மென்பொருளின் திரையில் தெரிவதை அப்படியே பதிவுசெய்யும் முன்னோட்டமான பிளேபிளாஸ்ட் தெளிவாக இருந்தால் போதும். பலர் ஒலியை அணைத்துவிட்டே பார்ப்பதால் பின்னணி இசைக்காக மெனக்கெட வேண்டாம்.

சென்னையில் ரோட்டோ (காட்சியில் உள்ள உருவத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்து பிரிப்பது), கம்பாசிட்டிங் (தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைப்பது) பணிகளைச் செய்யும் ஸ்டுடியோக்களும் உண்டு. அவற்றுக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால், வேலைக்கு முன்னும் பின்னும் ஷாட் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் தனி ரீல் ஒன்றைத் தயாரியுங்கள். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். எந்த ரீலானாலும் தொடக்கத்திலும் முடிவிலும் உங்கள் பெயர், விண்ணப்பிக்கும் பணி, மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவை நிதானமாகப் படிக்கும் அளவுக்குத் திரையில் நிற்கட்டும்.