காற்புள்ளி தாங்காத பாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாகர்கோவிலில் செவிலியராக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் சமாளித்துவிடுகிறேன், ரைட்டிங்கில்தான் மாட்டிக்கொள்கிறேன். பயிற்சி மையத்தில் ஒவ்வொரு கடிதத்திலும் சிவப்பு மையில் 'ரன்-ஆன்' என்று எழுதித் தருகிறார்கள். கேட்டால், "வாக்கியம் நீளம், சின்னதா எழுதுங்க" என்கிறார்கள். சின்னதாக எழுதினால், "துண்டு துண்டா இருக்கு, ஃப்ளோ இல்ல" என்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒரு நோயாளியைப் பற்றி நான் எழுதியது இது ('ஸ்வாப்' என்றால் காயத்திலிருந்து பஞ்சில் எடுக்கும் சோதனை மாதிரி):

"த வூண்ட் பிகேம் ரெட், அ ஸ்வாப் வாஸ் டேக்கன், ஹவ்எவர், ஷீ ஹேட் நோ ஃபீவர், ஆன் ஆன்டிபயாட்டிக் வாஸ் ஸ்டார்ட்டெட், ஷீ இஸ் வரீட் அபவுட் கோயிங் ஹோம்."

இதில் என்ன தவறு? ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சொல்தான் கணக்கு? தமிழில் இப்படி எழுதினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லையே?

ம., நாகர்கோவில்

அன்புள்ள ம.,

உங்கள் கடைசிக் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. தமிழில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் ஆங்கிலத்திலும் கை அதே பழக்கத்தில் ஓடுகிறது.

முதலில் நீளத்தை மறந்துவிடுங்கள். 'இட் ரெய்ன்ட், வீ ஸ்டேட் ஹோம்' என்பதில் இருப்பது ஐந்தே சொல். அது ரன்-ஆன். வக்கீல்கள் எழுதும் பத்திரத்தில் அரைப் பக்கம் ஓடும் வாக்கியங்கள் உண்டு. படிப்பவருக்கு மூச்சு முட்டும், ஆனால் பல சமயம் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்கள் சரியான இணைப்பு இல்லாமல் ஒட்டிக்கொண்டால் அது ரன்-ஆன். நடுவில் குறியே இல்லாமல் ஒட்டுவது ஒரு வகை. வெறும் காற்புள்ளி வைத்து ஒட்டுவது இன்னொரு வகை, அதைக் கமா ஸ்ப்ளைஸ் என்பார்கள். நம்மவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருகிறது. 'காயம் சிவந்தது' என்று சொன்னவுடனே வாக்கியம் முடிந்துவிட்டது என்பது காதுக்கே தெரிந்துவிடும். பின்னால் புள்ளி வைத்தாலும் காற்புள்ளி வைத்தாலும் வாசகருக்குக் குழப்பமில்லை. இன்று நாம் போடும் நிறுத்தற்குறிகள் அச்சோடு வந்தவை. அவை இல்லாமலே நூற்றாண்டுக் கணக்கில் ஓலையில் எழுதிப் படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் வினைச்சொல் நடுவில் நிற்கிறது. அதன் பின்னால் என்ன வரும், எங்கே முடியும் என்பதைச் சொல்ல அந்த வாக்கியத்தில் வேறு அடையாளம் கிடையாது. அந்த வேலை முழுவதும் முற்றுப்புள்ளியின் தலையில் விழுகிறது. பள்ளிக்கூடத்தில் நமக்கு, "மூச்சு விடும் இடத்தில் கமா, நின்றால் ஃபுல்ஸ்டாப்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். உரக்கப் படிப்பதற்கு அது சரி. எழுதுவதற்கு அதை நம்பினால், உங்கள் சிவப்பு மை மிச்சமாகாது.

இப்போது உங்கள் வாக்கியம். காலம் காட்டும் வினைகளை மட்டும் எண்ணுங்கள்: பிகேம், வாஸ் டேக்கன், ஹேட், வாஸ் ஸ்டார்ட்டெட், இஸ். மொத்தம் 5. ஒவ்வொன்றுக்கும் தனி எழுவாய் இருக்கிறது. ஆக, 5 வாக்கியங்கள். அவற்றை இணைக்க 'அண்ட்' இல்லை, 'பட்' இல்லை, 'பிகாஸ்' இல்லை, வெறும் காற்புள்ளிகள்தான்.

"ஹவ்எவர் இருக்கிறதே" என்பீர்கள். எல்லோரும் வழுக்கி விழும் இடம் அது. 'பட்' இணைப்புச் சொல். 'ஹவ்எவர்' அப்படியல்ல, பொருளில் மட்டும்தான் 'பட்'டுக்குச் சொந்தம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. 'ஹவ்எவர்' வாக்கியத்துக்குள் நகரும்: 'ஷீ, ஹவ்எவர், ஹேட் நோ ஃபீவர்' எனலாம், கடைசிக்கும் தள்ளலாம். 'பட்'டை அப்படி நகர்த்திப் பாருங்கள், வாக்கியம் உடைந்துவிடும். இடம் மாறக்கூடிய சொல்லால் இரண்டு வாக்கியங்களை இணைக்க முடியாது. 'தேர்ஃபோர்', 'தென்', 'ஆல்ஸோ' மூன்றுக்கும் இதே கதைதான். இவற்றுக்கு முன்னால் முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது அரைப்புள்ளி. (இப்போதைய உருவில் அரைப்புள்ளியை 1490களில் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனுடியஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அழகான குறி. ஆனால் தேர்வில் நீங்கள் அதைத் தொடாமலே பிழைத்துக்கொள்ளலாம்.)

உங்கள் வாக்கியத்தில் இலக்கணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 'ஹவ்எவர், ஷீ ஹேட் நோ ஃபீவர்' என்பது எதற்கு மறுப்பு? காயம் சிவந்தது, ஆனாலும் காய்ச்சல் இல்லை என்கிறீர்களா? அல்லது காய்ச்சல் இல்லை, ஆனாலும் ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள் என்கிறீர்களா? இரண்டு பக்கமும் காற்புள்ளி இருப்பதால் இரண்டு விதமாகவும் படிக்கலாம். கடிதத்தைப் பெறும் மருத்துவருக்கு அது முக்கியம். மருந்து எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை அவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. முதலாவதுதான் நீங்கள் நினைத்தது என்றால் இப்படி எழுதலாம்:

"ஆல்தோ ஷீ ஹேட் நோ ஃபீவர், த வூண்ட் பிகேம் ரெட், ஸோ அ ஸ்வாப் வாஸ் டேக்கன் அண்ட் ஆன் ஆன்டிபயாட்டிக் வாஸ் ஸ்டார்ட்டெட். ஷீ இஸ் வரீட் அபவுட் கோயிங் ஹோம்."

முதல் வாக்கியத்தில் 19 சொற்கள். நீளம்தான், ஆனால் ரன்-ஆன் இல்லை. 'ஆல்தோ', 'ஸோ', 'அண்ட்' மூன்றும் ஆளுக்கொரு இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நோயாளியின் கவலை வேறு விஷயம், அதனால் அதற்குத் தனி வாக்கியம்.

"சின்னதா எழுதுங்க" என்ற அறிவுரை ஏன் பலிக்கவில்லை என்பதும் இங்கேதான் புரியும். ஐந்தையும் ஐந்து முற்றுப்புள்ளிகளால் வெட்டினால் பிழை போய்விடும். ஆனால் எது காரணம், எது விளைவு என்பது அப்போதும் சொல்லப்படாமலே கிடக்கும். "ஃப்ளோ இல்ல" என்று உங்கள் ஆசிரியர் சொன்னது அதைத்தான். பிழை அவர் கண்ணில் சரியாகத்தான் பட்டிருக்கிறது, மருந்துதான் தப்பு.

என்ன செய்யலாம்? வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'சிவந்ததால்' என்று வாயில் வந்தால் 'பிகாஸ்' அல்லது 'ஸோ'. 'இல்லாவிட்டாலும்' என்று வந்தால் 'ஆல்தோ'. 'சேர்க்கப்பட்ட நோயாளி' என்று பெயரெச்சம் வந்தால் 'ஹூ'. வினைமுற்று வந்தால் முற்றுப்புள்ளி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இது காலை வாரும். 'வந்து', 'பார்த்து', 'சிவந்து' போன்ற எச்சங்கள் காரணத்தையும் சொல்லும், வரிசையையும் சொல்லும். 'காயம் சிவந்து, மருந்து தொடங்கப்பட்டது' என்றால் சிவந்த பிறகா, சிவந்ததாலா? தமிழில் அதை வாசகரிடம் விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்' அல்லது 'பிகாஸ்' என்று நீங்களே முடிவெடுத்தாக வேண்டும்.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தை 'ஆம், இல்லை' என்று பதில் சொல்லும் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். 'பிகாஸ் இட் ரெய்ன்ட், வீ ஸ்டேட் ஹோம்' என்பது 'டிட் வீ ஸ்டே ஹோம் பிகாஸ் இட் ரெய்ன்ட்?' என்று முழுசாகத் திரும்பும். 'பிகாஸ்' இல்லாமல் முயன்றால் ஒரு பாதி கேள்வியாகும், மறு பாதி அப்படியே நிற்கும். நடுவில் 'அண்ட்', 'பட்' இருக்கும் வாக்கியங்களுக்கு இந்தச் சோதனை உதவாது.

ஆங்கிலேயர்களே கமா ஸ்ப்ளைஸ் எழுதுவதில்லையா? எழுதுகிறார்கள். ரோமானியத் தளபதி சீசரின் லத்தீன் வாசகத்தை அவர்கள் மொழிபெயர்த்த 'ஐ கேம், ஐ ஸா, ஐ கான்கர்ட்' அப்படிப்பட்டதுதான். மூன்றும் குட்டி, மூன்றும் ஒரே அச்சு, எழுவாயும் ஒன்றே. கதைகளிலும் பார்க்கலாம். டிஸ்சார்ஜ் கடிதத்தில் அந்தச் சலுகை கிடையாது.

தேர்வில் உங்களுக்கு 45 நிமிடம். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். 180 முதல் 200 சொல்லுக்குள் கடிதம் என்பதால், முடித்துவிட்டுக் காற்புள்ளிகளை மட்டும் ஒரு முறை தடவிப் பார்க்க நேரம் இருக்கும். முழுவதையும் மறுபடி படிக்காதீர்கள், கண் ஏமாற்றும். காற்புள்ளிக்கு அடுத்த சொல் ஷீ, ஹீ, இட், தே, திஸ் என்று இருந்தால் நில்லுங்கள். ஹவ்எவர், தேர்ஃபோர், தென் என்று இருந்தாலும் நில்லுங்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பது தனியாக நிற்குமா, வலப்பக்கம் இருப்பது தனியாக நிற்குமா என்று கேளுங்கள். இரண்டும் நின்றால் அந்தக் காற்புள்ளியை முற்றுப்புள்ளியாக்குங்கள், நேரமிருந்தால் இணைப்புச் சொல் போடுங்கள். இடப்பக்கம் 'ஆல்தோ', 'வென்', 'பிகாஸ்' என்று தொடங்கியிருந்தால் அந்தக் காற்புள்ளி இருக்கட்டும், அது தன் வேலையைத்தான் செய்கிறது.