ஐரோப்பா இல்லாத ஆண்டு: யுனைடெட் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இங்கிலாந்து பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தின் 2025-26 பருவம் தொடங்கவிருந்த வேளையில் கொழும்பின் மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் கேட்டவை.

கொட்டாஞ்சேனை ரசிகர்: அண்ணா, ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்குள் இந்தப் பருவத்தில் நமக்குப் பத்தாம் இடம்தான் என்று கணிக்கிறார்கள். கோபம் வராதா?

கடந்த பருவத்தில் 18 தோல்வி, 44 கோல், 15ஆம் இடம். இதை வைத்துக்கொண்டு பத்தாம் இடம் தந்தவர் தாராள மனதுக்காரர்.

வெள்ளவத்தை ரசிகர்: ஐரோப்பியப் போட்டி எதிலும் நாம் இல்லை. இது அவமானம் அல்லவா?

அவமானம்தான். பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டொட்டன்ஹாமிடம் 1-0 எனத் தோற்றதில், கிண்ணத்தோடு, அதை வென்றால் கிடைக்கும் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் போய்விட்டது. ஆனால் கணித்தவர்கள் குறைத்து எடைபோடுவதும் இதைத்தான். கடந்த பருவத்தில் 60 ஆட்டங்கள். வியாழன் இரவு ஆடிவிட்டு ஞாயிறு மீண்டும் களமிறங்கும் அணி எப்போது பயிற்சி எடுக்கும்? பருவத்தின் நடுவே நவம்பரில் வந்த பயிற்சியாளர் அமோரிம், தமது மூன்று தடுப்பாளர் முறையை ஆட்டங்களுக்கு நடுவேதான் சொல்லிக்கொடுத்தார். ஐரோப்பா இல்லாவிட்டால் பயிற்சிக்கு நேரம் கூடும்.

ஐரோப்பா இல்லாத 2013-14இல் லிவர்பூல் இரண்டாம் இடம் பிடித்தது. பத்தாவதாக முடித்த செல்சி அடுத்த பருவத்தில், அதாவது 2016-17இல், 93 புள்ளிகளோடு சாம்பியன். அதுவும் ஆர்சனலிடம் 3-0 அடி வாங்கிய பின் பயிற்சியாளர் கொன்டே மூன்று தடுப்பாளருக்கு மாறித்தான்.

உடனே கனவு காண வேண்டாம். அந்தச் செல்சியின் நடுக்களத்தில் கான்டே ஓடினார். நம்மிடம் இருப்பவர் 33 வயது கசெமிரோ. இதே சலுகை கிடைத்த 2023-24 செல்சி ஆறாம் இடத்தோடு நின்றது. என் கணிப்பும் ஆறு அல்லது ஏழு.

வத்தளை ரசிகர்: முன்கள வீரர்கள் கூன்யா, எம்புவேமோ வந்துவிட்டார்கள். இனிக் கோலுக்குப் பஞ்சம் இல்லைதானே?

கடந்த பருவத்தில் கூன்யா வூல்வ்ஸுக்கு 15, எம்புவேமோ பிரென்ட்ஃபோர்டுக்கு 20 லீக் கோல்கள் அடித்தார்கள். நம் முழு அணியும் சேர்ந்து அடித்ததோ 44! ஆனால் டிசம்பர் 21இல் மொரோக்கோவில் ஆபிரிக்க நாடுகளின் கிண்ணம் தொடங்குகிறது. கமரூன் எம்புவேமோவை அழைக்கும், ஐவரி கோஸ்ட் நம் அமாடை அழைக்கும், மொரோக்கோ நம் மஸ்ராவியை அழைக்கும். நத்தார் வாரத்து அணிப் பட்டியலை இப்போதே நினைத்துப் பார்க்கிறேன், வயிற்றைக் கலக்குகிறது.

தெமட்டகொடை ரசிகர்: லிவர்பூல் ரசிகரான என் மைத்துனர், நாம் கீழ்ப் பிரிவுக்குத் தரமிறங்கிவிடுவோம் என்கிறார்.

கடந்த பருவத்தில் 18ஆம் இடத்தில் தரமிறங்கிய லெஸ்டருக்கு 25 புள்ளிகள், நமக்கு 42. மைத்துனருக்குக் கழித்தல் தெரியும்தானே? லிவர்பூலும் இப்போது 20 லீக் பட்டங்களோடு நமக்குச் சமம் என்பதால், இதற்கு மேல் வாதாடாமல் சோற்றைக் கவனியுங்கள்.

பம்பலப்பிட்டி ரசிகை: முதல் ஆட்டம் எப்போது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு, நம் நேரப்படி இரவு 9 மணி. ஓல்ட் ட்ராஃபோர்டில் ஆர்சனலுடன். மூன்று பருவங்களாக இரண்டாம் இடம் பிடித்த அணி அது. தோற்றால் வானம் இடிந்துவிடாது. கோர்னர் உதையின்போது நம் கோல்காப்பாளரை யார் மறித்து நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஆர்சனல் அங்கேதான் அடிப்பார்கள்.