மேலாண்மைச் சீர்திருத்தங்கள் பிரிட்டனின் என்.எச்.எஸ். மருத்துவச் சேவையை உண்மையில் மாற்றினவா?

மாற்றின. ஆனால் கேள்வியில் எதிர்பார்க்கும் மாதிரி நேராக இல்லை. நான் 2003-லிருந்து இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1983-ல் தாட்சர் அரசு, நிர்வாகத்தைச் சீர்படுத்த ராய் கிரிஃபித்ஸிடம் யோசனை கேட்டது. டாக்டர் இல்லை அவர், செயின்ஸ்பரி சூப்பர் மார்க்கெட்டை நடத்தியவர். அதுவரை டாக்டர், நர்ஸ், நிர்வாகி என்று எல்லாரும் கூடிப் பேசி ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் இன்று விளக்கோடு வந்தால் பொறுப்பாளர் யார் என்றுதான் தேடுவார் என்று அறிக்கையில் கிண்டலாக எழுதினார். அப்புறம்தான் ஒவ்வொரு மட்டத்திலும் மேனேஜர்கள் வந்தார்கள்.

நான் கூடவே வாழ்ந்தது நாலு மணி நேர இலக்கோடு. அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் 98 சதவீதம் பேரை நாலு மணி நேரத்துக்குள் வார்டுக்கோ வீட்டுக்கோ அனுப்பிவிட வேண்டும். 2010-ல் அதை 95 ஆக்கினார்கள். எங்கள் திரையில் ஒவ்வொரு நோயாளி பெயருக்கும் எதிரே கடிகாரம் ஓடும். 3 மணி நேரம் 40 நிமிடம் ஆனால் மேனேஜரிடமிருந்து போன் வரும்: "மூணாம் நம்பர் எங்கே போகுது?" மூணாம் நம்பர் என்றால் இடுப்பெலும்பு முறிந்த பாட்டி. ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் 3 மணி நேரம் 55 நிமிடத்தில் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறோம். நாலு மணி நேரத்தைத் தாண்டிவிட்டாலோ அவர் 'பிரீச்', அதாவது இலக்கு மீறல். அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாரும் போன் செய்ய மாட்டார்கள், இனி கணக்கில் போனது போனதுதான்.

இதைச் சொன்னால் உடனே இலக்கே மோசம் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியர்கள், தொண்ணூறுகளில் ராத்திரி முழுக்க டிராலியிலேயே (சக்கரம் வைத்த தள்ளுபடுக்கை) கிடந்த நோயாளிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நான் சேர்ந்த சில வருடங்களில் அந்தக் காட்சி நிஜமாகவே குறைந்தது. அந்த போன் தொல்லை இல்லாமல் வார்டில் ஒரு படுக்கைகூடச் சீக்கிரம் காலியாகியிருக்காது. ஆனால் போன் செய்து புதுப் படுக்கையை உண்டாக்க முடியாதே! 2015 ஜூலைக்குப் பிறகு இங்கிலாந்து மொத்தமாக அந்த 95-ஐ ஒரு மாதம்கூடத் தொடவில்லை. இலக்கு அப்படியேதான் இருக்கிறது, கடிகாரமும் ஓடுகிறது.

போன குளிர்காலத்தில் எங்கள் காரிடார் சுவரில் வரிசையாக பிளக் பாயிண்ட் வைத்தார்கள், டிராலியில் இருப்பவர்களின் மானிட்டருக்காக.